ம் கொட்டினவர்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க சார். முட்டை. ஒரு அட்டை, முப்பது இருக்கு. மேல வெச்சா டிரைவர் பிரேக் போடுறப்ப நம்ம தலையிலதான் ஆம்லெட். மடியிலயே வெச்சுக்கறேன். நீங்களும் சென்னைதானே? நல்லதாப் போச்சு. ஏழு மணி நேரம் பேசாம வந்தா எனக்கு வயித்தைப் பொரட்டும்.

ஒரு சின்ன உதவி மட்டும் பண்ணுங்க. நான் பேசறப்ப நடுவுல நடுவுல ‘ம்’ போடுங்க. கேக்குறதும் கேக்காததும் உங்க இஷ்டம், அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ‘ம்’ மட்டும் நிக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

என் பேரு சுடலைமணி. சொந்த ஊரு நாங்குநேரிப் பக்கம். சினிமாவுல கதை எழுதுறவன். என்ன படம்னு மட்டும் கேக்காதீங்க சார், முகத்தைப் பாத்தாலே தெரியுது கேக்கப் போறீங்கன்னு. இன்னும் வரலை. பத்தொன்பது வருஷமா வரப் போகுது. எழுதுறவன்னு சொல்றதும் ஒரு பேச்சுக்குத்தான். கோடம்பாக்கத்துல எழுதினதை எவனும் படிக்க மாட்டான். வாயால சொல்லணும். தயாரிப்பாளர் சோபாவுல சாஞ்சிருப்பாரு, நாம எதிர்ல பிளாஸ்டிக் சேர் நுனியில. ரெண்டரை மணி நேரப் படத்தை மூணு மணி நேரம் சொல்லணும். ஹீரோ நாமதான், வில்லன் நாமதான், மழை நாமதான், வயலினும் நாமதான். முடிக்கறப்ப தொண்டையில ரத்தம் வராத குறை. அவரு வாட்சைப் பாத்துட்டு, “நல்லா இருக்குப்பா, கூப்பிடறேன்”ம்பாரு. அவ்வளவுதான். கூப்பிடறேன்னு சொன்னவங்க மட்டும் நாப்பத்தஞ்சு பேரு. எல்லாரும் இன்னும் நல்லாத்தான் இருக்காங்க.

கேட்டவங்கள்ல ஒருத்தரைத் தவிர. அவருதான் நாப்பத்தாறாவது.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் மீதி புரியும். பயப்படாதீங்க, மழைக்கெல்லாம் சத்தம் குடுக்க மாட்டேன். ஹீரோ ஒரு பஸ் கண்டக்டர். டிக்கெட் குடுக்கறப்ப விரல் பட்டா, அந்த ஆளு எப்ப சாகப் போறான்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். எப்படி? புல்லரிக்குதுல்ல? எனக்கு இப்பவும் அரிக்குது. இடைவேளையில அவன் பெத்த அம்மாவே பஸ்ல ஏறுவாங்க. விரல் படும். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ளன்னு தெரியும். அப்படியே ஃப்ரீஸ். ரெண்டாம் பாதி முழுக்க அம்மாகிட்ட பொய்யா சொல்லி, வேளாவேளைக்கு ஏதேதோ காரணம் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலுக்கே இழுத்துக்கிட்டுத் திரிவான். கிளைமாக்ஸ்ல தெரியும், அந்த அம்மாவுக்கும் அதே சக்தி இருக்குன்னு. காலையிலயே தெரியும் அவங்களுக்கு. மகன் மனசு நோகக் கூடாதுன்னு அவன் சொன்ன பொய்யையெல்லாம் நம்புற மாதிரி நடிச்சிருக்காங்க. இதுதான் கதை. இதைக் கேட்டுட்டு, ‘கூப்பிடறேன்’னு அனுப்பறதுக்கு முன்னாடி நாப்பத்தஞ்சு பேரும் ஒரே வார்த்தை சொன்னானுங்க சார். “கிளைமாக்ஸ்ல லாஜிக் உதைக்குதே. தெரிஞ்சும் தெரியாத மாதிரி யாருப்பா இருப்பாங்க?” அவனவன் வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான் காலத்தை ஓட்டிக்கிட்டு இருக்காங்கன்னு இந்த மடையனுங்களுக்கு யாரு சொல்றது!

ம் போடுங்க சார். ஆங், அப்படித்தான்.

அப்பதான் செங்கோடன் ஐயா வந்தாரு. நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சிருக்கறவரு. அறுபத்தி ஆறு வயசு. சாகறதுக்குள்ள ஒரு படம் எடுத்துடணும்னு ஆசை. இப்ப நினைச்சா என்ன வார்த்தை பாருங்க. சாலிகிராமத்துல ஒரு வீடு பிடிச்சு ஆபீஸ் போட்டாரு. ஓட்டல் சாப்பாடு ஆகாதுன்னு சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்துட்டாரு. நல்லம்மா. நல்லம்மாதான், பேருக்கு ஏத்த மாதிரி. நாம போனவுடனே, “சாப்பிட்டீங்களா தம்பி”ன்னு கேட்ட ஒரே ஆபீஸ் அதுதான் சார் எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை. ராகுகாலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு ஆரம்பிக்கச் சொன்னாரு. ஏசியைக் குளுகுளுன்னு வெச்சிருந்தாரு. நெஞ்சைத் தடவிக்கிட்டே, “காலைல பூரி தின்னனுங்க தம்பி, ஒரு மாதிரி கரிக்குது”ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஃபர்ஸ்ட் சீன் முடியறதுக்குள்ள சரியாயிடும் ஐயா”ன்னேன். அவ்வளவு நம்பிக்கை என் ஃபர்ஸ்ட் சீன் மேல.

கேட்டாரு சார். எப்படிக் கேட்டாரு! போனைக் கவுத்துப் போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, வரிக்கு வரி ‘ம்’. நாமக்கல் ‘ம்’. அடிவயித்துலேர்ந்து வர்ற ‘ம்’. நாப்பத்தஞ்சு பேருல ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்ல.

இங்க ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். கதை சொல்றவனுக்குக் கண்ணு முக்கியமில்ல, காதுதான் முக்கியம். எதிராளி ‘ம்’ போடற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். ‘ம்’ நின்னு போச்சுன்னா ரெண்டுல ஒண்ணு. குறட்டை வந்தா கதை ஊத்திக்கிச்சு. குறட்டையும் இல்ல, ‘ம்’மும் இல்லன்னா ஆளு கதைக்குள்ள விழுந்துட்டான், படம் ஓகே. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இது தெரியும். மூணாவதா ஒண்ணு இருக்குன்னுதான் எந்தப் பயலும் சொல்லலை.

இடைவேளைக் கட்டத்துல நிக்கறேன். அம்மா கையை நீட்டறாங்க, விரல் படப் போகுது. அந்த நேரம் பாத்து நல்லம்மா தட்டுல காபியோட வந்து, “ஏனுங்க, காபி”ங்கறாங்க. ஐயா கண்ணைத் திறக்கலை. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! திரும்பிக்கூடப் பாக்கலை சார். டிராபிக் போலீஸ் மாதிரி கையை மட்டும் நீட்டி, “அம்மா, இப்ப வேணாம், ஐயா கதைக்குள்ள இருக்காரு”ன்னேன். ஒரு அரை நிமிஷம் நின்னாங்க. அப்புறம் காபியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

நீங்களே சொல்லுங்க, இடைவேளை சீன்ல யாராவது காபி கொண்டு வருவாங்களா?

ரெண்டாம் பாதி பிச்சு எடுத்தேன். ‘ம்’ நின்னு போச்சு. குறட்டையும் இல்ல. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறுது. அழுதேன், சிரிச்சேன், ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டேன். கடைசி வசனம் சொல்லி நிறுத்தறேன், அவரு தலை அப்படியே மெதுவா முன்னால சாஞ்சு நெஞ்சுல படுது. தலையாட்டிட்டாரு! பத்தொன்பது வருஷத்துல முதல் தலையாட்டல். பேச்சு வராம உக்காந்திருக்காருன்னு நினைச்சு நானே மேல பேசினேன். ஹீரோயின் யாரு, பாட்டு எத்தனை, எல்லாம். “உங்க ஆசீர்வாதம் ஐயா”ன்னு சாஷ்டாங்கமா கால்ல விழுந்தேன். கால் சில்லுன்னு இருந்துச்சு. ஏசின்னு நினைச்சேன்.

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. எல்லாரும்தான் சிரிச்சாங்க.

சாப்பிடக் கூப்பிட வந்த நல்லம்மாதான் தொட்டுப் பாத்தாங்க. அவங்க போட்ட சத்தம் இருக்கே, அதை நான் எந்தப் படத்துக்கும் எழுத மாட்டேன். உசுரு எப்பப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் நிமிஷக் கணக்கா ஒண்ணும் சொல்லலை. “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்”னு மட்டும் சொன்னாரு. அதைச் சொல்லாம இருந்திருக்கலாம் அந்த ஆளு. நாமக்கல்லுலேர்ந்து பையன் காரை விரட்டிக்கிட்டு வந்தான், பிரகதீஷ்னு பேரு. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன். “கதையை முழுசாக் கேட்டாரு தம்பி. கிளைமாக்ஸ்ல தலையாட்டினாரு.” அப்ப அதுதான் எனக்கு உண்மை.

அதுக்கப்புறம் வடபழனியில நான் நடந்தாலே ரோடு காலியாகும். பேரே சுடலை, அவன் கதை சொன்னா கேக்கறவன் போகாம என்ன செய்வான்னு டீக்கடையில பேச்சு. ஒரு தயாரிப்பாளர் பி.பி. மாத்திரை போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு, டைட்டிலைச் சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொருத்தர், பெரிய மனுஷன், பேரு வேணாம், போன் பண்ணி, “சுடலை, எங்க மாமனாரு மூணு மாசமா படுக்கையில இருக்காரு, ஒரு நடை வந்து கதை சொல்லிட்டுப் போறியா”ங்கறாரு. சத்தியமா சார். முதல் பாதி போதுமாம்.

இப்படி நாறிக்கிட்டு இருந்தப்பதான் நாப்பது நாளு கழிச்சு பிரகதீஷ் கூப்பிட்டான். “அண்ணா, எங்கப்பா கடைசியா ஓகே பண்ணின கதை. நானே எடுக்கறனுங்க. அம்மா ஒருக்கா கேக்கோணுமுன்னு சொல்றாங்க. வந்து சொல்லிட்டுப் போங்க.” போனை வெச்சுட்டு ரூம்ல தனியா ஒரு ஆட்டம் ஆடினேன் பாருங்க, கீழ் வீட்டுக்காரன் ஏறி வந்துட்டான்.

நேத்து நாமக்கல் போனேன். சாலிகிராமத்துல இருந்த அதே சோபாவை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டிருக்காங்க. அதுல யாரும் உக்காரலை. மேல ஐயா படம், மாலை, சின்னதா ஒரு பல்பு. நல்லம்மா அதுக்குப் பக்கத்துல தரையில பாய் போட்டு உக்காந்தாங்க. பிரகதீஷ் கதவோரமா நின்னான். என்னை எங்க உக்காரச் சொன்னாங்க தெரியுமா? சோபாவுக்கு நேரா, பிளாஸ்டிக் சேர்ல. காலி சோபாவைப் பாத்துக் கதை சொல்றேன். ஆனா ‘ம்’ மட்டும் கீழேர்ந்து வருது. அந்த அம்மா போடறாங்க. ஐயா போட்ட மாதிரியே, வரிக்கு வரி.

கதையில இடைவேளை வந்துச்சு. அம்மா கையை நீட்டறாங்க, விரல் படப் போகுது. நல்லம்மா நிறுத்துனாங்க.

“தம்பி, இந்த எடத்துலதானுங்க நான் காப்பி கொண்டாந்தேன்?”

“ஆமாம்மா.”

“அப்ப அவருக்கு உசுரு இருந்துதுங்களா?”

சார், அவங்க என் முகத்தையே பாக்கறாங்க. அழுகையெல்லாம் இல்ல. அழுது முடிச்ச கண்ணு. நாப்பது நாளா இந்தக் கேள்வியை மட்டும் வெச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்கன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. கதையைக் கேக்க என்னைக் கூப்பிடலை அவங்க.

எனக்குத் தெரியும் சார். காதுதானே எனக்கு எல்லாம். ராத்திரி படுத்தா முழுக் கதையும் ஐயாவோட ‘ம்’மோட சேந்துதான் எனக்குள்ள ஓடுது. கடைசி ‘ம்’ எங்க வந்துச்சுன்னு விரலை வெச்சுக் காட்டுவேன். காபி திரும்பிப் போனதுக்கு அப்புறம். ரெண்டாம் பாதி ரெண்டாவது சீன், பஸ் பஞ்சராகி நிக்கும், அந்த இடத்துல ஒரு ‘ம்’. கொஞ்சம் நீளமா, இழுத்த மாதிரி. சீன் பிடிச்சுப் போய் இழுக்கறாருன்னு நினைச்சேன் பாவி. அதுக்கப்புறம் இல்ல. ஆக, காபி வந்தப்ப மனுஷனுக்கு உசுரு இருந்துச்சு. என் கை குறுக்க வரலைன்னா அந்த அம்மா கிட்ட வந்து தோளைத் தொட்டிருப்பாங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. உசுரு இருந்துச்சு, கிளைமாக்ஸ் வரைக்கும் கேட்டாரு, தலையாட்டினாருன்னு ஏற்கெனவே சொன்னதையே சொன்னா எனக்குப் படம். பையன் நிக்கறான், அட்வான்ஸ் கவர்கூட மேசை மேல இருக்கு. ஆனா அந்த அம்மா சாகற வரைக்கும் காபித் தட்டோட அந்த இடத்துலயே நிப்பாங்க. இல்லைன்னு சொன்னா அவங்களுக்குத் தூக்கம். எனக்கு மறுபடியும் வடபழனி டீக்கடை.

நான் நல்லவன்னெல்லாம் நினைச்சுக்காதீங்க. சத்தியமா படம் கிடைக்கிற பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறுதலா ஒரு வசனம்கூட ரெடி பண்ணிட்டேன். வாயிலேர்ந்து வந்தது வேற.

“இல்லம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஐயா போயிட்டாரு. அதுக்கு முந்தின சீன்லயே ‘ம்’ நின்னு போச்சு. நீங்க பக்கத்துல வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நான்தான் கவனிக்கலை.”

பிரகதீஷ் கதவை விட்டு ஒரு அடி முன்னால வந்தான். “அப்பறம் தலையாட்டினாருன்னீங்க?”

“தலை சாஞ்சுது தம்பி. நான் அப்படி எடுத்துக்கிட்டேன்.”

“அப்ப எங்கப்பா பொணத்துக்கா ஒரு மணி நேரம் கதை சொன்னீங்க?”

ஒரு மணி இருபது நிமிஷம்னு திருத்தத்தான் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். அவன் மேசை மேல இருந்த கவரை எடுத்து சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, பண்ணைக்குப் போறேன்னு வண்டியைக் கிளப்பிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பத்தொன்பது வருஷம் சார்! ஒரு வாக்கியத்துல முடிஞ்சுது. எனக்கே என்னைச் செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு.

நான் பையைத் தூக்கினேன். நல்லம்மா, “உக்காருங்க தம்பி, மிச்சத்தையும் சொல்லுங்க”ன்னாங்க.

“இனிமே எதுக்கும்மா?”

“பாதியில உட்டா அவரு மனசு கேக்காதுங்க.”

சொன்னேன். படம் இல்ல, பணம் இல்ல, தயாரிப்பாளர் போட்டோவுல இருக்காரு. ஆனாலும் சொன்னேன். இதுவரைக்கும் நான் சொன்னதுலயே அதுதான் நல்லா வந்துச்சு, அதான் வயித்தெரிச்சல். அவங்க ஒரு இடத்துலயும் ‘ம்’மை நிறுத்தலை. பஞ்சர் சீன் வந்தப்ப மட்டும் ‘ம்’ கொஞ்சம் லேட்டா வந்துச்சு. கிளைமாக்ஸ் முடிஞ்சதும் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, “அந்தம்மா செஞ்சது செரிதானுங்க”ன்னாங்க. சோறு போட்டாங்க. ராத்திரி அங்கயே தங்க வெச்சாங்க.

காலையில பஸ்ஸுக்குக் கிளம்பறேன். வாசல் வரைக்கும் வந்து இந்த முட்டை அட்டையைக் கையில குடுத்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி சொன்னாங்க. “தம்பி, அன்னைக்கு நான் காப்பியத் திருப்பிக் கொண்டு போயி வெச்சுப்போட்டு, கதவு மறைவுல நின்னு கேட்டுக்கிட்டுத்தானுங்க இருந்தேன். அந்த பஸ்ஸு பஞ்சராவுற எடத்துல எங்கூட்டுக்காரரு ஒரு ‘ம்’ போட்டாருங்க.”

என் கையில முட்டை ஒண்ணோட ஒண்ணு கடகடங்குது.

“நாப்பத்தி மூணு வருசமா கேட்ட ‘ம்’முங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

“பின்ன எதுக்கும்மா என்கிட்ட கேட்டீங்க?”

“அதை நான் ஒருத்திதான் கேட்டனோன்னு இருந்துதுங்க. நீங்களும் கேட்டிருக்கீங்க. நேத்து உங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.” அப்புறம் என் தோள்ல லேசாத் தட்டுனாங்க. “நீங்க சொன்னதே இருக்கட்டுங்க தம்பி. காப்பிக்கு முன்னாடியே போயிட்டாரு. யாராச்சும் கேட்டா நானும் அப்படியே சொல்லிக்கறேன்.”

அந்த வாசல்ல என் நாப்பத்தஞ்சு தயாரிப்பாளர்களையும் வரிசையா நிறுத்தணும் போல இருந்துச்சு சார். லாஜிக் உதைக்குதாமே லாஜிக்! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். ஆட்டோக்காரன் முட்டை உடைஞ்சுடுச்சான்னு கேட்டான்.

படம் போச்சு. அது போகட்டும். ஆனா நீங்க ஒண்ணு கவனிச்சீங்களா, அந்த பஞ்சர் சீன்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணினா ரெண்டாம் பாதி இன்னும் இறுகும். ஆத்தூர் தாண்டினதுலேர்ந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். நான் வேணா முதல்லேர்ந்து ஒரு தடவை முழுசாச் சொல்லட்டுமா? உளுந்தூர்பேட்டைக்குள்ள இடைவேளை வந்துடும். பஸ் டிப்போல ஓபன் பண்றோம் சார். விடியற நேரம். வரிசையா பஸ்ஸு நிக்குது. ஒரு கை, கை மட்டும்தான், டிக்கெட் கட்டைப் பிரிக்குது. பின்னால மெல்லிசா ஒரு வயலின்...

சார்?

சார், ‘ம்’மைக் காணோமே?

சார்! ஐயோ சார், கண்ணைத் திறங்க சார்! கண்டக்டர், ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துங்க, இவரு...

அப்பாடா. தூங்கிட்டீங்களா! இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. மூக்குல விரல் வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. கையையும் பிடிச்சுப் பாத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாச் சூடா இருக்கு.

தூங்குங்க சார். நான் கதையை நிறுத்திக்கறேன். முட்டையை இந்தக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தக் கையை உங்க நாடியில வெச்சுக்கட்டுமா? உளுந்தூர்பேட்டை வரைக்கும் மட்டும்.